புதுத் திரைக்குப் பழகுவதா, பழைய திரையைத் தேடிப் போவதா? கரையோரக் கணினிகளுக்கு ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரத்தில் எங்கே போனாலும் கணினி வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பதினொன்னுக்குப் போயிரலாமா, இல்ல லினக்ஸ் போட்டுறலாமா?" லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்.

கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். அவர்கள் கவலை வைரஸ் பற்றியதல்ல, திரை பற்றியது. ஸ்டார்ட் பட்டன் இடம் மாறிவிட்டது. ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியல் வருவதில்லை. பல வருடமாகக் கை தானாகப் போன இடத்தில் இப்போது வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதைப் பழையபடி மாற்றிக்கொள்ள முடியுமா, மாற்றினால் நிலைக்குமா, மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத வேறொன்றுக்குப் போய்விடலாமா? தயங்கி நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. மொத்தம் ஐந்து வழிகள்.

## சண்டை புதிதல்ல

லினக்ஸில் திரையின் தோற்றத்தைத் தரும் மென்பொருளை நாமே தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் ஒன்றுதான் க்னோம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. கீழே திறந்த ஜன்னல்களைக் காட்டும் பட்டை போனது, ஜன்னலைச் சிறிதாக்கும் பட்டன் போனது, டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கும் பழக்கமும் போனது. அதே மாதம் லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றான உபுண்டு, 11.04 பதிப்பில் தன் பங்குக்கு யூனிட்டி என்ற புதுத் திரையோடு வந்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஈ என்ற வேறு திரைக்குப் போனார். பின்னால் அவரே க்னோமுக்குத் திரும்பியும் வந்தார். க்னோமைத் திட்டுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

திட்டியதோடு நிற்காதவர்களும் இருந்தார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் பழைய க்னோம் 2இன் மூலநிரலை எடுத்து 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்தார். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு தொகுப்பின் குழு, க்னோம் 3இன் அடித்தளத்தின் மேல் பழைய தோற்றத்தைக் கட்டி 'சின்னமன்' என்றது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்தது. எதிர்ப்புத் தாங்காமல் அடுத்த வருடம் 8.1இல் அந்தப் பட்டன் திரும்பி வந்தது. 2017இல் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டது.

வடிவமைப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. க்னோம் 2 காலத்திலேயே க்னோம் நிரலாளர் ஹாவோக் பெனிங்டன் அதை எழுதி வைத்தார்: ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. ஒரு சுவிட்ச் கூடினால் சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் இரட்டிப்பாகும், பிழை கூடும், செட்டிங்ஸ் பக்கம் நீளும், தேவையான ஒன்று பத்தில் ஒன்றாக மறைந்துபோகும். எதிர்ப்பக்கம் கேட்பது எளிமையான கேள்வி: இயந்திரம் என்னுடையது, என் கைக்கு எது வசதி என்று நீ ஏன் முடிவு செய்கிறாய்?

நம் ஊரில் இந்த வாதத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழக்கரையில் ஒரு வீடு. மகன் துபாயிலிருந்து ஃபோனில் வழி சொல்கிறான்: "உம்மா, கீழ இடது மூலைல அமுக்குங்க." "அங்க ஒண்ணும் இல்லையே வாப்பா, நீல நிறமாத்தான் இருக்கு." புதுத் திரையில் பட்டன் நடுவுக்குப் போய்விட்டது, மகன் தன் கணினியில் அதை இடது பக்கம் மாற்றி வைத்திருக்கிறான், உம்மாவின் கணினியில் யாரும் மாற்றவில்லை. இதற்கு மாற்றியவனைக் குறை சொல்வதா, மாறியதைக் குறை சொல்வதா? தூரத்திலிருந்து உதவுகிற குடும்பங்களில் இரண்டு திரையும் ஒன்றுபோல இருப்பதுதான் முதல் வசதி.

## எதை வைத்து எடைபோடுவது

"எதில் அதிகம் மாற்றலாம்?" என்று கேட்டால் விடை சுலபம், லினக்ஸில் ஓடும் கேடிஈ பிளாஸ்மா என்ற திரை. ஆனால் அது தவறான கேள்வி என்பது என் கட்சி. கேட்க வேண்டியது: மாற்றியது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் இருக்குமா? படகில் போல்ட் போட்டு இறுக்கியதும் உண்டு, கயிற்றில் கட்டியதும் உண்டு. கரையில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செய்தவர்களே விட்டுக்கொடுத்த மாற்றம் முதல் வகை. வெளியிலிருந்து யாரோ எழுதிய கருவியால் திணித்த மாற்றம் இரண்டாம் வகை. ஐந்து வழிகளையும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கண்ணால்தான்.

இரண்டாவது, கையின் வேலை. ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்து பாருங்கள். படகுக்காரர் ஒருவர் வருகிறார். ஆதார், வங்கிப் பாஸ்புக், படகுப் பதிவுச் சான்று எல்லாம் ஃபோனில் எடுத்த படங்கள். வாட்ஸ்அப் வெப் ஒரு ஜன்னல், டவுன்லோட் ஃபோல்டர் ஒரு ஜன்னல், படத்தை 200 கேபிக்குள் சுருக்கும் கருவி ஒரு ஜன்னல், விண்ணப்பப் பக்கம் ஒன்று, பிடிஎஃப் மூன்று. திறந்த ஒவ்வொன்றும் தன் பெயரோடு கீழ்ப்பட்டையில் தனித்தனியாக நின்றால் ஒரே கிளிக்கில் வேலை முடியும். மூன்று பிடிஎஃபும் ஒரே ஐகானுக்குள் ஒளிந்துகொண்டால், மவுஸைக் கொண்டுபோய்க் காத்திருந்து, குட்டிப் படத்தில் எது பாஸ்புக் எது ஆதார் என்று தேட வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விநாடிதான். நாள் முழுக்க அதையே செய்கிறவருக்கு, வேறொருவர் ஆதாரை மாற்றி ஏற்றிவிடும் அபாயமும் சேர்ந்து வருகிறது.

மூன்றாவது, இயந்திரத்தின் வயது. உப்புக் காற்றுக்கு ரேமின் முனைகள் பச்சை பூக்கும். கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். வேகம் போதாமல் சாவதற்கு முன்பே போர்டு அரித்துச் சாகும் ஊரில், திரைக்காகப் புது இயந்திரம் வாங்குவது யோசிக்க வேண்டிய செலவு.

நான்காவது, கணினியோடு ஒட்டிக்கொண்டு வருபவை: தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர், கைரேகைக் கருவி. அழகான திரையைத் தேர்ந்தெடுத்த பிறகு பிரிண்டர் ஓடாவிட்டால் தேர்ந்தெடுத்ததே வீண். ஐந்தாவது, எத்தனை பேர் தொடுகிறார்கள், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள் என்பது.

## விண்டோஸ் 11, வந்தபடியே

2021 அக்டோபரில் வந்தபோது இதில் கீழ்ப்பட்டையை மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்த முடியாது, ஜன்னல்களைப் பிரித்துக் காட்டவும் முடியாது. பிரித்துக் காட்டும் வசதி 2023இல் திரும்பி வந்தது. செட்டிங்ஸில் 'பெர்சனலைசேஷன்', அதற்குள் 'டாஸ்க்பார்' போனால் இரண்டு மாற்றங்களைச் செய்யலாம்: பட்டன்களை இடது பக்கம் தள்ளலாம், ஜன்னல்களை ஒன்றுசேர்க்காமல் பெயரோடு காட்டச் சொல்லலாம். பழைய ரைட் கிளிக் பட்டியல் வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் போதும். விண்டோஸ் 11 பிடிக்கவில்லை என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த மூன்றைக் காட்டினாலே முகம் தெளிந்துவிடும். இவை மைக்ரோசாஃப்ட் தானே கொடுத்த சுவிட்சுகள், அதனால் சாதாரண அப்டேட்டில் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு இயந்திரத்தில் இருக்கிறது. இன்டெல் புராசசர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். இதுதான் அதிகாரபூர்வத் தேவை. 4 ஜிபியில் ஓடும் என்பது காகிதக் கணக்கு. பிரவுசரில் பத்து டேப் திறக்கும் கடைக்கு 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் நான் போடமாட்டேன். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. தேவையை ஏமாற்றிப் போடும் வழிகள் யூடியூபில் கிடைக்கும். பெரிய அப்டேட் வரும்போது அதே வித்தையை மறுபடி செய்ய வேண்டிவரும் என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. முறையான விண்டோஸ் 10 இருந்து இயந்திரமும் தகுதியானால் 11க்கு ஏறக் காசில்லை. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸில் வால்பேப்பர், நிறம் மாற்றும் பகுதியே பூட்டியிருக்கும். சுதந்திரம் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதில் இந்தப் பூட்டு யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

கைரேகைக் கருவி வைத்துச் சேவை செய்யும் கடை என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். அந்தக் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவோடு வருடக்கணக்கில் அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் சேர்த்து வைத்திருக்கும் டிடிபி கடைகளுக்கும் இதே பதில்தான். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ பழகியவர்கள் அதையே தொடரலாம்.

## விண்டோஸ் 11, மேலே ஒட்டிய கருவிகளோடு

எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக், ஓப்பன்-ஷெல் போன்ற கருவிகள் ஸ்டார்ட் மெனுவையும் பட்டையையும் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவருகின்றன. முதல் நாள் பார்த்தால் மந்திரம் போல இருக்கும். இவற்றில் பல மைக்ரோசாஃப்ட் கதவு திறந்து கொடுக்காத இடத்தில் கைவிட்டுத்தான் வேலை செய்கின்றன. உள்ளே ஒரு திருகு மாறினால் போதும், காலையில் கடை திறக்கும்போது பட்டையே வராமல் திரை மினுக்கிக்கொண்டிருக்கலாம். இப்படிப்பட்ட கருவி இருக்கிறது என்பதற்காகவே புதிய பதிப்புக்கு ஏறவிடாமல் விண்டோஸ் தடுத்ததும் உண்டு. செய்தவர் சலித்துப்போய் நிறுத்தும் அபாயம் வேறு: ஓப்பன்-ஷெல்லின் முன்னோடியான கிளாசிக் ஷெல் 2017இல் அப்படித்தான் நின்றது, வேறு சிலர் எடுத்துத் தொடர்ந்ததால் பிழைத்தது.

தானே சரிசெய்யத் தெரிந்தவர் தன் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளட்டும். கூட்டம் நிற்கும் கவுன்டரில் வேண்டாம்.

## க்னோம் (உபுண்டு)

க்னோமைப் பற்றி நம் ஆட்கள் சொல்வதில் பாதி 2011லேயே நின்றுவிட்டது. 2021 மார்ச்சில் க்னோம் 40 வந்தபோது அமைப்பு மறுபடி மாறியது: ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் வேலைத்தளங்கள் பக்கவாட்டாக நகரத் தொடங்கின, பிடித்த செயலிகளின் வரிசை கீழே வந்தது. உபுண்டு தன் பதிப்பில் இடது பக்கம் ஐகான் வரிசையும், ஜன்னலைச் சிறிதாக்கும் பட்டனும் சேர்த்தே கொடுக்கிறது. விண்டோஸ் பழக்கமே இல்லாத பிள்ளைகள் இதில் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். கீபோர்டில் விண்டோஸ் விசையை ஒருமுறை அழுத்து, வேண்டியதன் பெயரைத் தட்டு, என்ட்டர்; அவ்வளவுதான் பாடம். ஃபோன் பழகிய கைக்கு இது அந்நியமாக இல்லை. சிரமப்படுவது நம்மைப் போன்ற பழைய கைகள்தான்.

தமிழுக்கு இதில் ஒரு நன்மை. உள்ளீட்டு முறை க்னோமோடு சேர்ந்தே வருவதால் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழ்99ஐச் சேர்த்தால் மேல் மூலையில் மொழி மாற்றும் குறி வந்து நிற்கும். பட்டியலில் இல்லையென்றால் எம்17என் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும்.

மாற்றும் சுதந்திரம் என்று வரும்போதுதான் கதை வேறு. க்னோம் குழு கொடுக்கும் சுவிட்சுகள் குறைவு. மீதிக்கு எக்ஸ்டென்ஷன் என்ற ஒட்டுச் செயலிகள். 'டேஷ் டு பேனல்' போட்டால் விண்டோஸ் மாதிரியே கீழ்ப்பட்டை வந்துவிடும். ஆனால் க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிதாக வருகிறது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தான் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்று எழுதி வைத்திருக்கிறது; பொருந்தாவிட்டால் அணைந்துபோகும். 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது உள்ளமைப்பு மாறி, எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. தீம் விஷயத்திலும் அவர்கள் கறார்தான். எங்கள் செயலிகளின் தோற்றத்தை லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுபவர்கள் மாற்ற வேண்டாம் என்று செயலி எழுதுபவர்கள் சிலர் 2019இல் திறந்த மடலே வெளியிட்டார்கள்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். 24.04 என்றால் அது க்னோம் 46இலேயே நிற்கும், பாதுகாப்பு அப்டேட் மட்டும் ஐந்து வருடம் வரும். க்னோம் பதிப்பு மாறாததால் எக்ஸ்டென்ஷனும் உடையாது. கயிற்றில் கட்டியதுதான், காற்று வரும் தேதி முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் தொலைவில் இயக்கி உதவும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய க்னோம் வேலண்ட் என்ற திரை அமைப்பில் ஓடுகிறது. எனிடெஸ்க் போன்றவை அதில் முரண்டு பிடிப்பதுண்டு. முடிவு செய்யும் முன்பே ஒருமுறை துபாயிலிருந்து இணைத்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

## கேடிஈ பிளாஸ்மா

சுதந்திரம் வேண்டுமா, இந்தா என்று அள்ளிக் கொடுப்பது இது. 1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கியது. 2008இல் வந்த 4.0இல் அவர்களும் இதே 'ஏன் எல்லாத்தையும் மாத்தினீங்க' என்ற வசையைக் கேட்டு மீண்டவர்கள்தான். 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தது. பட்டையை எந்தப் பக்கத்திலும் வைக்கலாம், இரண்டு பட்டை வைக்கலாம், ஜன்னல்களைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், ஒவ்வொரு விசைக்கும் வேலை கொடுக்கலாம். எல்லாம் அவர்களே செய்து கொடுத்த சுவிட்சுகள் என்பதால் அப்டேட்டில் நிற்கும். பதிப்பு எண்ணே மாறும்போது மட்டும் வெளியார் செய்த துணைக்கருவிகள் சில உதிரும்.

செலவு எங்கே? முதலாவது, நேரம். செட்டிங்ஸ் அவ்வளவு பெரியது. பொறியியல் படிக்கும் பையன்கள் ஒரு வாரம் முழுக்கத் திரையை அழகுபடுத்திவிட்டு புராஜெக்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, கடையில் பலர் கைவைக்கும் இயந்திரத்தில் அதே சுதந்திரம் வினையாகும்: தெரியாமல் 'எடிட் மோடு' போய் யாராவது பட்டையை நீக்கிவிட்டால் அடுத்தவர் கணினியே கெட்டுவிட்டதாக நினைப்பார். பூட்டிவைக்கக் கியாஸ்க் என்ற ஏற்பாடு கேடிஈயிலேயே உண்டு. ஆனால் அதற்கு அமைப்புக் கோப்புகளில் கைவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எளிய வழி, திரையை ஒழுங்கு செய்து முடித்ததும் ஹோம் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது.

மூன்றாவது கொஞ்சம் பயமுறுத்தும் விஷயம். பிளாஸ்மாவில் 'குளோபல் தீம்' என்று இணையத்திலிருந்து இறக்குவது வெறும் படமும் நிறமும் அல்ல, அதற்குள் நிரலும் ஓடலாம். 2024 மார்ச்சில் அப்படித் தீம் ஒன்றைப் போட்ட ஒருவரின் கோப்புகளே அழிந்துபோய், கேடிஈ குழு எச்சரிக்கை விட்டது. வெளியார் செய்த தீம் எதையும் கடைக் கணினியில் போடாதீர்கள்.

தமிழ் எழுத எஃப்சிஐடிஎக்ஸ் 5 நன்றாக வேலை செய்கிறது. வேலண்டில் அதை நிறுவினால் மட்டும் போதாது. சிஸ்டம் செட்டிங்ஸில் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்ற சம்பந்தமில்லாத பெயருள்ள இடத்தில் போய் அதைத் தேர்வு செய்ய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் பிளாஸ்மாவையே கைவிட்டவர்கள் உண்டு.

## சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஈ

மூன்றையும் ஒரே தலைப்பில் வைக்கக் காரணம், மூன்றின் கொள்கையும் ஒன்றுதான்: இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகிய கைக்கு இங்கே புதிதாகப் படிக்க அதிகமில்லை. லினக்ஸ் மின்ட் மூன்றையும் தனித்தனிப் பதிப்பாகக் கொடுக்கிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

சின்னமன் போட்டதும் வரும் வரவேற்புத் திரையில் 'டிரெடிஷனல்', 'மாடர்ன்' என்று இரண்டு அமைப்பு காட்டும். முதலாவதைத் தொட்டால் நம் ஆன்லைன் சென்டர்காரருக்கு வேண்டியது அப்படியே கிடைக்கும்: மூன்று பிடிஎஃபும் மூன்று பெயரோடு தனித்தனியாக. ஒரு கிளிக். ஐந்து வழிகளில் இவ்வளவு குறைந்த உழைப்பில் கைப்பழக்கத்தைக் காப்பாற்றுவது வேறில்லை. செய்தவர்களே கொடுத்த தேர்வு என்பதால் நிலைக்கவும் செய்யும்.

4 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் சின்னமன் சுகம். பழைய விலையில்லா மடிக்கணினியில் 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஈ. திரை கொஞ்சம் வறண்டதாக இருக்கும், ஓடும். பட்டையைப் பூட்டும் வசதியும் இருப்பதால் பள்ளிக் கணினி அறைக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் எந்தத் திரையைப் போட்டாலும் பிரவுசரின் பசி குறையாது. எக்ஸ்எஃப்சிஈ போட்டதால் 2 ஜிபியில் இருபது டேப் திறக்காது. மாட்டே இரண்டுக்கும் நடுவில். பார்வையற்றவர்கள் ஆர்கா என்ற திரைவாசிப்பானோடு பயன்படுத்துவதற்கு அதற்கு நல்ல பெயர் உண்டு.

மறைந்த செலவு பிரிண்டரில் வரும். நம் டிடிபி கடைகளில் மேசைக்கு மேசை நிற்கும் கேனான் எல்பிபி 2900, தனக்கென்று தனி டிரைவர் முறை கேட்கும் ஜாதி. லினக்ஸில் அதை ஓடவைப்பது பொறுமைக்குச் சோதனை. எச்பி மாடல்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும். பிரதரும் எப்சனும் லினக்ஸுக்கு டிரைவர் கொடுக்கின்றன. இன்னொரு செலவு, ஊரில் ஆள். விண்டோஸ் கெட்டால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பத்து பேர் கிடைப்பார்கள். லினக்ஸ் என்றதும் "ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தர்றேண்ணே" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும், உங்கள் கோப்புகளைக் கேட்காமலே. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற வசதி கூடவே வருகிறது; ஒழுங்காக ஓடும் நாளில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், அமைப்பு கெட்ட நாளில் யாரிடமும் போகாமல் அந்த நிலைக்குத் திரும்பலாம். அது உங்கள் கோப்புகளுக்கான பேக்கப் அல்ல, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | கைப்பழக்கம் | மாற்றம் நிலைக்குமா | பழைய இயந்திரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| விண்டோஸ் 11, வந்தபடி | சுமார். மூன்று திருத்தத்தில் தேறும் | கொடுத்த அளவுக்கு நிலைக்கும் | ஆகாது | புது இயந்திரம், உரிமம் |
| விண்டோஸ் 11, கருவிகளோடு | மிக நன்று | நம்ப முடியாது | ஆகாது | அப்டேட் நாளில் கடை நிற்கும் |
| க்னோம் | புதியவருக்கு நன்று, பழைய கைக்குச் சிரமம் | நீண்டகாலப் பதிப்பில் மட்டும் | 4 ஜிபிக்கு மேல் | எக்ஸ்டென்ஷன் பராமரிப்பு |
| பிளாஸ்மா | நினைத்தபடி | நிலைக்கும் | 4 ஜிபி, எஸ்எஸ்டி | நேரம், பலர் கை |
| சின்னமன் வகை | பழைய கைக்கு மிக நன்று | நிலைக்கும் | எக்ஸ்எஃப்சிஈ 2 ஜிபியிலும் | பிரிண்டர், சரிசெய்ய ஆள் |

## யாருக்கு எது

கைரேகைக் கருவியோ பேஜ்மேக்கரோ இருந்தால் விண்டோஸ் 11, கருவி எதுவும் ஒட்டாமல். இயந்திரம் தகுதியில்லையென்றால் தனிநபர்களுக்கு விண்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை உண்டு. அந்த அவகாசத்தில் காசு சேர்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பம், பிரிண்ட், ஜெராக்ஸ் மட்டும் பார்க்கும் சென்டரில் இரண்டு மூன்று கணினி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றில் சின்னமன், மற்றவை இருந்தபடி. தினமும் உட்காருகிறவர்கள் எந்த நாற்காலிக்குத் தானாகப் போகிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் எது நல்லது என்பதைவிட, உதவுகிற பிள்ளை எதை வைத்திருக்கிறான் என்பதைப் பாருங்கள். அவன் கணினியில் இருப்பதையே, அவன் வைத்திருக்கும் அதே அமைப்பில் இங்கேயும் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் மாற்றும் சுதந்திரத்தை நான் முழுக்கவே விட்டுக்கொடுப்பேன்.

கல்லூரிப் பிள்ளை, சொந்த மடிக்கணினி, ஆர்வம் உண்டு: பிளாஸ்மா. கெடுத்துச் சரிசெய்வதில்தான் படிப்பு இருக்கிறது. இதுவரை கணினியே தொடாத பிள்ளைக்கு க்னோம் கொடுத்துப் பாருங்கள். நாம் குறை என்று சொல்வது எதுவும் அதன் கண்ணில் படாது.

எந்த லினக்ஸானாலும் நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டைத் தொடாமல். அப்படி ஓட்டும்போது வால்பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மூன்று வேலை செய்யுங்கள்: உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடியுங்கள், தமிழில் ஒரு மனு தட்டுங்கள், நீங்கள் தினமும் போகும் அரசுத் தளத்தில் ஒரு பிடிஎஃபை ஏற்றுங்கள். மூன்றும் ஆனால் பழைய கோப்புகளோடு எழுத்துருக்களையும் நகலெடுத்துக்கொண்டு நிறுவலாம். பிளஸ் டூ முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வரும் மே, ஜூனில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.